ஐநூறு ரூபாய் சம்பளத்தில் மூவாயிரம் ரூபாய் டிவி வந்தது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா பெரம்பூரில் ரயில்வே கிளார்க். 1980 வாக்கில் கைக்கு வந்த சம்பளம் ஐநூறுக்கு முன்பின். நாலு பிள்ளைகள், பாட்டி வேலைக்குப் போகவில்லை. ஆனாலும் அந்தச் சமயத்திலேயே தெருவில் முதல் டிவி அவர்கள் வீட்டில்தான். இன்று நீங்களும் உங்கள் மனைவியும் சம்பாதித்தும் ஒரு டிவிக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். "அந்தக் காலத்தில் எல்லாம் அவ்வளவு மலிவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி டிவி விலையைப் பற்றியது போலத்தான் இருக்கிறது. ஆனால் உங்களை உறுத்துவது, அவர்களுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை, நாம் எங்கோ கோட்டை விடுகிறோமோ என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுவது நல்லது. எழுபதுகளின் கடைசியிலிருந்து வட சென்னையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் தவணைக் கணக்கு எழுதினேன். அப்புறம் ஒரு பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றேன். அதாவது கடன் கொடுத்த பக்கத்திலும் இருந்தேன், அந்தக் கடனை அடைக்கக் கடன் கொடுத்த பக்கத்திலும் இருந்தேன். கீழே வரும் விலைகள் சென்னைக் கடை விலைகள். மாடலைப் பொறுத்து சில நூறு ரூபாய் முன்பின் இருக்கும். சம்பள விகிதங்களும் சட்டங்களும் ஆவணத்தில் உள்ளவை, அவற்றில் சந்தேகம் வேண்டாம்.

மலிவு என்ற பேச்சே இல்லை. மத்திய அரசின் மூன்றாவது ஊதியக்குழு 1973இல் கீழ்நிலை எழுத்தருக்கு வைத்த அடிப்படைச் சம்பள விகிதம் 260–400 ரூபாய். பஞ்சப்படி, வீட்டு வாடகைப் படி எல்லாம் சேர்த்தால் 1980இல் நீங்கள் சொன்ன ஐநூறு சரியாகத்தான் வருகிறது. அந்தச் சமயத்தில் இருபது அங்குல கறுப்பு வெள்ளை டிவி, ஷட்டர் வைத்த மரப்பெட்டியோடு, மூவாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐநூறு வரை போயிற்று. சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா இரண்டும் எங்கள் பக்கம் அதிகம் ஓடின. ஹைதராபாத் அரசு நிறுவனத்தின் ஈசி டிவிக்கு "கெட்டி" என்ற பெயர் உண்டு. எதை எடுத்தாலும் ஒரு எழுத்தருக்கு ஆறேழு மாதச் சம்பளம். சோறு, வாடகை எதுவும் இல்லாமல் முழுச் சம்பளத்தையும் எடுத்து வைத்தால்தான் ஆறேழு மாதம்.

இதைப் பவுன் கணக்கில் சொல்வார்கள். 1980இல் ஒரு பவுன் ஆயிரம் ரூபாயைத் தொட்டிருந்தது. ஆக ஒரு டிவி மூன்று பவுன். இன்று மூன்று பவுன் இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால், "அந்தக் கால டிவி இன்றைய காசில் இரண்டு லட்சம்" என்று யாராவது கணக்குச் சொல்லலாம். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். தங்கம் சம்பளத்தோடு ஒட்டிப் போகாமல் தன் போக்கில் விலை ஏறி இறங்கும் பொருள். எத்தனை மாதச் சம்பளம் என்று பார்ப்பதுதான் நேர்மையான அளவு. இன்று அதே கீழ்நிலை எழுத்தருக்கு ஏழாவது ஊதியக்குழுவில் அடிப்படைச் சம்பளம் மட்டும் 19,900. படிகள் எல்லாம் சேர்ந்தால் அதைவிட நிறையவே கைக்கு வரும். 32 அங்குல டிவி ஒன்று அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் தாத்தாவுக்கு ஆறேழு மாதம், உங்களுக்கு ஒரு மாதத்துக்குள்.

அப்படியானால் வாங்கினது எப்படி? மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிவி வாங்கிய குடும்பம் என் கணக்கில் வந்ததாக ஞாபகமே இல்லை. மாதச் சம்பளம் மாதத்துக்கே போதாது. இருபதாம் தேதிக்கு மேல் மளிகைக் கடையில் கணக்குச் சொல்லித்தான் சாமான் வரும். டிவி வந்ததெல்லாம் மொத்தமாகக் கைக்கு வந்த பணத்தில். அந்த மொத்தப் பணம் வரும் வழிகள் அன்றைக்கு நாலைந்துதான் இருந்தன. அவை உங்கள் தாத்தா போன்ற நிரந்தரச் சம்பளக்காரருக்குத்தான் திறந்திருந்தன.

முதல் வழி சீட்டு. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பெரும்பாலும் சீட்டுப் போட்டது பாட்டிகள்தான், தாத்தாக்கள் இல்லை. இருபத்தைந்து பேர், மாதம் நூறு ரூபாய், இருபத்தைந்து மாதம் என்றால் 2,500 ரூபாய்ச் சீட்டு. மாதா மாதம் ஏலம். அவசரக்காரர் மொத்தத் தொகையில் ஐநூறு, அறுநூறு தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, மீதியை எடுப்பார். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் போக மீதி எல்லாருக்கும் கசராக, அதாவது பங்காகப் பிரியும், அந்த மாதம் நூறுக்குப் பதில் எண்பது, எண்பத்தைந்து கட்டினால் போதும். பொறுத்திருந்து கடைசிப் பக்கம் எடுப்பவருக்குக் கிட்டத்தட்ட முழுத்தொகை, கட்டியதோ அதைவிடக் குறைவு. 1982இல் வந்த மத்திய சீட்டு நிதிச் சட்டம் நடத்துபவரின் கமிஷனுக்கு ஐந்து சதவீதம் என்று வரம்பு கட்டியது. தமிழ்நாட்டில் 1961 முதலே தனிச் சட்டம் இருந்தது. ஆனால் தெருவில் நடந்த சீட்டுகளில் பாதிக்குமேல் எந்தப் பதிவும் கிடையாது. நடத்தும் அம்மாவின் வாக்குதான் பத்திரம். அவை முறிந்தபோது நொடித்துப்போன குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருவருக்குக் குலுக்கலில் டிவி, விழுந்தவர் அதோடு கட்டுவதை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆசை காட்டிய திட்டங்களும் ஓடின. 1978ஆம் ஆண்டுப் பரிசுச் சீட்டுத் தடைச் சட்டம் அந்த மாதிரித் திட்டங்களைத் தடை செய்த பிறகும் அங்கங்கே ஒளிந்து நடந்தன.

அடுத்தது போனஸ். 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்குக் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். ஐநூறு ரூபாய் சம்பளக்காரருக்குத் தீபாவளிக்கு ஐநூறிலிருந்து ஆயிரத்து இருநூறு வரை மொத்தமாக வரும். ரயில்வேக்காரர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு உற்பத்தித் திறனோடு இணைந்த போனஸ் 1979–80 கணக்குக்குத்தான் முதன்முதலாக வந்தது. உங்கள் தாத்தா 1980 வாக்கில் டிவி வாங்கினார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் அந்த ஆண்டுகளில் எங்களுக்கு நடந்த வியாபாரம் அந்த போனஸால்தான். ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப், இன்ஜின் பழுது பார்க்கும் லோகோ, பெட்டி பழுது பார்க்கும் கேரேஜ் என்று எல்லா ஒர்க்‌ஷாப் ஆட்களும் தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில் கடையில் நிற்பார்கள். உங்கள் தாத்தா அந்தப் பணத்தில்தான் வாங்கினார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் காலம் பொருந்துகிறது.

மூன்றாவது, கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கக் கடன், பிஎஃப் கடன், பண்டிகை முன்பணம் இந்த வகையறா. இதெல்லாம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். வட்டியும் வெளிக்கடனைவிடக் குறைவு. சங்கக் கடனுக்கு விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும். "டிவி வாங்க" என்று எழுதியவர் மிகச் சிலர். "மருத்துவச் செலவு", "மகள் காதணி விழா", "வீடு பழுது பார்த்தல்" என்றுதான் வரும். ஒரு விண்ணப்பம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் "கூரை மாற்ற" என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே சிறிய எழுத்தில் "டெலிவிஷன்" என்று எழுதியிருந்தார். டிவி வாங்குவதற்குக் கடன் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று மனிதர்கள் நினைத்த காலம். அவரும் மறைக்கத்தான் பார்த்தார், பொய் எழுத மனசு வரவில்லை.

நாலாவது நகை. அடகுக் கடையில் இரண்டு பவுன் செயினை வைத்துக் கடையில் முன்பணம் கட்டுவார்கள். இதில் பாதி நகை திரும்பி வந்தது, பாதி மூழ்கியது. இது என் அனுமானம்தான். தவணை கட்ட வந்த பெண்களின் கழுத்தைப் பார்த்து மனதில் போட்ட கணக்கு.

இப்போது தவணை. சென்னையில் இதைப் பெரிய அளவில் பரப்பியது விஜிபி நிறுவனம். அங்கே விற்பனையாளராக இருந்த வசந்தகுமார் 1978இல் வசந்த் அண்ட் கோ என்று சொந்தமாகத் தொடங்கினார். இவர்களைப் பார்த்துத்தான் எங்களைப் போன்ற சின்னக் கடைகளும் தவணையில் இறங்கின. ஒன்றைச் சொல்ல வேண்டும். வாடகைக் கொள்முதல் சட்டம் என்று 1972இல் நாடாளுமன்றம் ஒன்றை நிறைவேற்றியது. வாங்குபவருக்குச் சில பாதுகாப்புகள் அதில் இருந்தன. அது கடைசிவரை அமலுக்கு வரவே இல்லை, 2005இல் ரத்தும் செய்துவிட்டார்கள். ஆகவே அத்தனை வருடமும் தவணை வியாபாரம் கடைக்காரர் அச்சடித்து வைத்த ஒப்பந்தத்தின் மேல்தான் ஓடியது. அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் மிக அரிது.

கணக்கு எப்படி என்றால், டிவி 3,200. முன்பணம் 800. பாக்கி 2,400. "வருஷத்துக்கு 12 பர்சென்ட்தான் சார்" என்று சொல்வோம். இரண்டு வருடத்துக்கு வட்டி 576. மொத்தம் 2,976, அதை 24ஆல் வகுத்தால் மாதம் 124 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறதே, வட்டி மட்டும் முதல் நாள் பாக்கி முழுவதற்கும் கடைசி மாதம்வரை போட்டிருக்கிறது. குறையும் பாக்கிக்குப் போட்டுப் பார்த்தால் அது 12 சதவீதம் இல்லை, ஏறக்குறைய 21, 22 சதவீதம். அன்றைக்கு இதை வாங்குபவரிடம் விளக்கிச் சொல்லும் வழக்கம் எந்தக் கடையிலும் இருந்ததில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. மாதம் 124 என்பது ஐநூறு ரூபாய் சம்பளத்தில் கால் பங்கு. இரண்டு வருடம் கால் பங்கு சம்பளம் டிவிக்குப் போனது என்று நினைத்துப் பாருங்கள்.

தவணை அட்டை ஒன்றையாவது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலாக மடிக்கும் மஞ்சள் அட்டை. முதல் பக்கத்தில் பெயர், வேலை பார்க்கும் இடம், டிக்கெட் நம்பர் (வேலை இடத்தில் அவருக்குள்ள எண்), செட்டின் வரிசை எண், பிக்சர் டியூபின் எண். அதற்குக் கீழே ஜாமீன்தாரர் கையெழுத்து. ஜாமீன்தாரரும் நிரந்தர வேலையில் இருக்க வேண்டும், பே ஸ்லிப் காட்ட வேண்டும். உள்ளே 24 கட்டம். கட்டியதும் தேதி முத்திரை, என் சுருக்கொப்பம். காசோலை எல்லாம் கிடையாது, பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கே இல்லை. சம்பளம் கையில் பணமாகத்தான். அதனால் சம்பள நாளன்று எங்கள் வசூல் பையன் சைக்கிளோடு ஒர்க்‌ஷாப் கேட் பக்கம் போய்விடுவான். அவனுக்கு முன்னால் வட்டிக்கடைக்காரர் நின்றிருப்பார். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் எங்களுக்கு இரண்டாவது இடம்தான். மூன்று மாதம் தொடர்ந்து கட்டாவிட்டால் ஒப்பந்தப்படி செட்டைத் தூக்கி வந்துவிடலாம். தெருவே வேடிக்கை பார்க்க, ஆன்டெனா ஒயரைக் கழற்றி, செட்டை வண்டியில் ஏற்றும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கக் கூடாது. அந்த வேலைக்கு நான் போக மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன்.

செட் விலையோடு செலவு முடிந்துவிடவும் இல்லை. மொட்டை மாடியில் ஆன்டெனா, குழாய், ஒயர், ஆள் கூலி தனி. மின்சாரம் ஏறி இறங்குவதால் ஸ்டெபிலைசர் இல்லாமல் செட்டைக் கொடுக்கவே பயப்படுவோம். அப்புறம் லைசன்ஸ். தபால் நிலையத்தில் ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டிப் புத்தகத்தில் பதிய வேண்டும். ரேடியோவுக்குத் தனியாக 15 ரூபாய். எண்பதுகளின் நடுவில்தான் அந்த முறையை எடுத்தார்கள். உங்கள் தாத்தா வீட்டுப் பழைய பெட்டியில் அந்த லைசன்ஸ் புத்தகம் கிடந்தால் எந்த வருடம் வாங்கினார் என்பதில் சந்தேகமே இருக்காது. கடை ரசீதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், தபால் முத்திரை விழுந்த புத்தகத்தை அந்தத் தலைமுறை தூக்கிப் போடாது.

இத்தனை செலவுக்கும் பார்க்கக் கிடைத்தது என்ன என்று இன்று கேட்கத் தோன்றும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. ஒரே ஒரு சேனல், அதுவும் மாலையில் சில மணி நேரம். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை படம், இடையில் "வயலும் வாழ்வும்" என்ற விவசாய நிகழ்ச்சி. கடலோர மாவட்டங்களில், ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம், சென்னை எட்டாத காலத்தில் உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாகினித் தொலைக்காட்சியை இழுத்துப் பார்த்தார்கள். அது 1982இல் தொடங்கியது. அந்த வெள்ளிக்கிழமை அரை மணி நேரத்துக்காக ஆறு மாதச் சம்பளமா என்றால், ஆமாம். ஒரு வீட்டில் டிவி என்றால் பதினைந்து வீடு பார்த்தது. கூடம் நிரம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள். சில வீடுகளில் தலைக்குப் பத்துப் பைசா, நாலணா வாங்கினார்கள். உங்கள் பாட்டி வாங்கியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காசு தவணைக்குத்தான் வந்தது.

வண்ண டிவி வேறு கதை. 1982 ஆகஸ்ட் 15இல் வண்ண ஒளிபரப்பு, நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டு. அதை ஒட்டி அரசு இறக்குமதி விதிகளைக் கொஞ்சம் தளர்த்தியது. அப்படியும் ஒரு செட் எட்டாயிரத்துக்குக் கீழே இல்லை, பத்தாயிரத்துக்கு மேலும் போயிற்று. எழுத்தருக்கு அது ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டும். வண்ணப் பிக்சர் டியூப் முழுக்க வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. உதிரிபாகத்துக்குச் சுங்கவரி, செட்டுக்கு உற்பத்தி வரி என்று அடுக்கிக்கொண்டே போனால் விலை அப்படித்தான் நிற்கும். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த செட்டுகள் பர்மா பஜாரில் கைமாறின. மற்றவர்கள் கறுப்பு வெள்ளைத் திரைக்கு முன்னால் மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை பூசிய பிளாஸ்டிக் தகட்டை மாட்டிக்கொண்டார்கள். 1987 ஜனவரியில் ராமாயணத் தொடர் தொடங்கிய பிறகு பதினான்கு அங்குல போர்ட்டபிள் கறுப்பு வெள்ளை செட் விற்றது போல நான் வேறு எதுவும் விற்றுப் பார்த்ததில்லை. நாலாவது ஊதியக்குழு 1986இல் எழுத்தருக்கு 950 ரூபாயை அடிப்படையாக வைத்ததும் அதற்குத் தோதாக அமைந்தது. இரண்டு மாதச் சம்பளத்துக்குள் ஒரு டிவி என்ற நிலை அப்போதுதான் முதலில் வந்தது. 1991க்குப் பிறகு வரி குறைந்தது, தொண்ணூறுகளின் நடுவில் கொரிய நிறுவனங்கள் வந்தன, பழைய செட்டைக் கொடுத்துப் புதியதை எடுத்துப் போகச் சொல்லி விளம்பரம் வந்தது. அதன் பிறகு விலை இறங்கியது இறங்கியதுதான்.

என் கணக்குப் புத்தகத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. கடைக்குள் வந்தவர்களை மட்டும்தான் அது காட்டும். வாசலில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள் அதில் இல்லை. கூலிக்காரர், தினக்கூலி, ரிக்‌ஷாக்காரர், வீட்டு வேலை செய்பவர், இவர்களுக்கு ஜாமீன் போட ஆள் இல்லை, பே ஸ்லிப் இல்லை, ஆகவே தவணையும் இல்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டு வீடுகளில் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரம் இருந்தது. 2001இல் டிவி இருந்த வீடுகள் நூற்றுக்கு நாற்பதைத் தொடவில்லை. 2011இல் அது 87. நடுவில் நடந்தது என்ன என்று உங்களுக்கே தெரியும், 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். அந்தத் திட்டத்தைப் பற்றி ஆயிரம் வாதம் செய்யலாம். ஆனால் "அந்தக் காலத்தில் ஒற்றைச் சம்பளத்தில் எல்லாரும் டிவி வாங்கினார்கள்" என்று நினைவுகூர்பவர்கள், வாங்கிய வீட்டுப் பிள்ளைகள்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற பிள்ளைகளைக் கேட்டால் வேறு பதில் வரும். 1980இல் நிரந்தர ரயில்வே வேலை என்பது அந்தத் தெருவில் மேல்தட்டு. உங்கள் தாத்தாவை அன்றைய சராசரி மனிதர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் தவணை அட்டைகளில் பெண்ணின் அப்பா பெயர் இருக்கும், டெலிவரி முகவரி மாப்பிள்ளை வீடாக இருக்கும். கட்டில், பீரோ, மிக்ஸி, கிரைண்டர் என்று இருந்த சீர்வரிசைப் பட்டியலில் டிவியும் சேர்ந்துகொண்டது. 1961இலேயே வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது, பட்டியலோ நீண்டுகொண்டே போனது. மகள் மாமியார் வீட்டில் பார்க்கும் டிவிக்கு, தன் வீட்டில் டிவி இல்லாத அப்பா மாதா மாதம் வந்து கட்டிவிட்டுப் போவார். அப்படிப்பட்ட அட்டைகளில் ஒரு கட்டம்கூடத் தவறியதில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று யாராவது எழுதும்போது எனக்கு அந்த அப்பாக்களின் நினைப்பு வந்துவிடும்.

சரி, இரண்டு சம்பளம் வந்தும் உங்களுக்கு ஏன் இழுத்துப் பிடிக்கிறது? டிவிதான் காரணம் என்றால் கணக்கு ஒத்துவரவில்லை. டிவி, ஃபேன், மிக்ஸி, துணிமணி, டெலிபோன் எல்லாமே சம்பளத்தோடு ஒப்பிட்டால் இறங்கியவை. ஏறியவை வேறு. உங்கள் தாத்தா அநேகமாக ரயில்வே குவார்ட்டர்ஸிலோ, நூறு நூற்றைம்பது ரூபாய் வாடகைப் போர்ஷனிலோ இருந்திருப்பார். பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்திருப்பார்கள். உடம்புக்கு வந்தால் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி, காசில்லை. வேலைக்கு நடந்தோ சைக்கிளிலோ போயிருப்பார். ஓய்வுக்குப் பிறகு பென்ஷன் உறுதி. வீடு, படிப்பு, வைத்தியம், முதுமை, இந்த நாலையும் அவருடைய வேலையும் அரசும் சுமந்தன. இன்று அந்த நாலும் உங்கள் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் மாதக் கணக்கை எடுத்து, வீட்டுக் கடன் அல்லது வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்கால சேமிப்பு இவற்றைத் தனியாக எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் அங்கே போயிருந்தால் ஆச்சரியம் இல்லை. செலவு செய்யத் தெரியாததால் வந்த நெருக்கடி இல்லை இது.

தவணையைப் பற்றி மட்டும் ஒரு தொழில்முறை யோசனை. "வட்டியே இல்லை" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் கடையில் உட்கார்ந்து "12 பர்சென்ட்தான் சார்" என்று சொன்னதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. அடுத்த முறை விலை பேசும்போது, தவணை பற்றி வாயே திறக்காமல், முழுப் பணமும் இன்றே கொடுத்தால் எவ்வளவுக்குத் தருவீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஒரு விலை சொல்வார்கள். அதைக் குறித்துக்கொண்டு, பிறகு தவணை விலையைக் கேளுங்கள், பிராசசிங் கட்டணம், அதற்கு மேல் போடும் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தொகைதான் வட்டி. அது சிறியதாக இருந்தால் தாராளமாகத் தவணையிலேயே வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.